அன்று சொன்ன எதிர்காலம் எங்கே போச்சு?

பறக்காத கார் | 9 பிப்ரவரி 2025, காலை 10.12

சின்ன வயதில் படித்த பத்திரிகைகளில் 2000ஆம் ஆண்டு என்றாலே பறக்கும் கார், மாத்திரையில் சாப்பாடு, நிலவில் குடியிருப்பு. 2025 வந்தாச்சு. நான் இன்னும் மழைச்சாரலில் பேருந்து நிறுத்தத்தில்தான் நிற்கிறேன். எதிர்காலத்தைப் பற்றி அன்று பேசியவர்கள் எல்லாரும் கதை விட்டவர்கள் என்பது என் கட்சி. சிங்கப்பூரைப் பற்றிச் சொன்னதில் ஒன்றாவது சொன்ன மாதிரி நடந்திருக்கிறதா? மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

செம்பவாங் அக்கா | 9 பிப்ரவரி 2025, பிற்பகல் 2.40

பறக்கும் காரை விடுங்க தம்பி, அது அமெரிக்காக்காரன் கனவு. இங்கே எதிர்காலம் சொன்னவர்கள் சோதிடர்கள் இல்லை. நிலம், பணம், சட்டம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு "இன்ன வருஷம் இது வரும்" என்று ஒருவர் சொன்னால் அதுக்குப் பேர் கணிப்பா? மாப்பிள்ளையே தன் கல்யாணத் தேதியைச் சொல்ற மாதிரிதான்.

எம்ஆர்டி நகர ரயிலை எடுத்துக்குங்க. 1982 மே மாதம் அமைச்சர் ஓங் டெங் சியோங் அறிவித்தார், 5 பில்லியன் வெள்ளித் திட்டம். 1987 நவம்பர் 7 அன்று இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்களோடு ஓடத் தொடங்கியது. முதல் கட்டத்தில் போட்ட பாதை முழுவதும் 1990இல் முடிந்தது, திட்டமிட்டதைவிட இரண்டு ஆண்டு முன்னதாக.

அந்தக் காலத்தில் நான் ஒரு தனியார் பொறியியல் நிறுவனத்தில் படம் வரைகிறவள். மேசையில் கணினி கிடையாது. டிரேசிங் தாள், ராட்ரிங் பேனா. கோடு பிசகினால் சவர பிளேடின் முனையால் மையை மெதுவாகச் சுரண்டி, நகத்தால் தேய்த்துத் தாளை வழவழப்பாக்கி, அப்புறம்தான் மேலே வரைய முடியும். அவசரப்பட்டால் மை தாளுக்குள் ஊறிப் பூரான் மாதிரி கால் விடும். ஒரே இடத்தில் திரும்பச் சுரண்டினால் ஓட்டை. அப்படி வரைந்த சுவரில் இன்றைக்கு நான் சாய்ந்துகொண்டு ரயிலுக்குக் காத்திருக்கிறேன். ஆதாரம் வேணுமா உங்களுக்கு?

செம்பவாங் அக்கா | 9 பிப்ரவரி 2025, இரவு 11.05

"ஊரே ஒரே குரலில் எம்ஆர்டியை வரவேற்றது போல எழுதுகிறீர்களே" என்று கேட்ட கிளமெண்டிவாசிக்கு:

அப்படியா எழுதினேன்? பத்து வருஷச் சண்டை அது. 1980இல் ஹார்வர்டிலிருந்து வந்த நிபுணர் குழு ரயிலே வேண்டாம், பேருந்தை வைத்தே சமாளிக்கலாம் என்றது. துணைப் பிரதமர் கோ கெங் சுவீக்கும் அவ்வளவு பெரிய செலவில் நம்பிக்கை இல்லை. தொலைக்காட்சியில் இரண்டு தரப்பும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வாதாடினார்கள். எங்கள் அப்பாவுக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும், ஆனால் கண் எடுக்காமல் பார்ப்பார். யார் அதிகமாகக் கையை ஆட்டுகிறாரோ அவர் பக்கம் சரக்கு இல்லை என்பது அவர் கணக்கு.

இதில் என்னை இன்னும் குடைகிற விஷயம் வேறு. ஹார்வர்ட் குழு சொன்னது தப்பு என்று எல்லாரும் சுலபமாக எழுதிவிடுகிறார்கள். யார் சோதித்துப் பார்த்தார்கள்? பேருந்து மட்டுமே ஓடிய சிங்கப்பூர் நடக்கவே இல்லையே. நகருக்குள் கார் நுழையக் கட்டணம் 1975இலேயே வந்துவிட்டது. 1990இல் சிஓஇ வந்தது, கார் வாங்கவே ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ். ரயிலையும் போட்டு, காரையும் இறுக்கிப் பிடித்து, பேருந்தையும் கூட்டி, மூன்றும் ஒன்றாக நடந்த ஊரில் எது வேலை செய்தது என்று எப்படிப் பிரிப்பது? தோற்ற தரப்பின் எதிர்காலத்தை யாரும் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. அதனால் அவர்களைப் பொய்யர் பட்டியலில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

செம்பவாங் அக்கா | 11 பிப்ரவரி 2025, காலை 7.50

பொங்கோலில் இருக்கும் ஒருவர், "1996இல் சொன்ன ஊர் இதுதானா?" என்று கேட்டிருக்கிறார்.

அதே ஊர்தான். வந்த வழிதான் வேறு. 1996இல் பிரதமர் கோ சோக் டோங் 'பொங்கோல் 21' பற்றி அறிவித்தபோது எனக்குத் தெரிந்த பொங்கோல், கடலோரம் மிளகாய் நண்டு தின்னப் போகிற இடம். அதற்குமுன் பன்றிப் பண்ணைகள். அந்த இடத்தில் நீரோரப் புதுநகரம் என்றார்கள். அடுத்த வருஷமே ஆசிய நிதி நெருக்கடி வந்து கட்டுமானம் படுத்துவிட்டது. 2003 ஜூனில் வடகிழக்கு ரயில்பாதை திறந்தபோது புவாங்கோக், உட்லீ இரண்டு நிலையங்களும் கட்டி முடித்த நிலையில் பூட்டியே கிடந்தன. சுற்றுவட்டாரத்தில் ஆள் போதாதாம். 2005இல் அமைச்சர் ஒருவர் வருகிற நாளில் புவாங்கோக் நிலையத்துக்குப் பக்கத்தில் யாரோ அட்டையில் வெட்டிய எட்டு வெள்ளை யானைகளை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். 2006 ஜனவரியில் நிலையம் திறந்தது. உட்லீ 2011 வரை காத்திருந்தது. பொங்கோலின் மேற்கு எல்ஆர்டி (இலகு ரயில்) வளையம் ஓட 2014 ஆனது. பொங்கோல் கோஸ்ட் நிலையம் இப்போதுதான், 2024 டிசம்பரில்.

என் தங்கை அங்கே முதலில் போனவர்களில் ஒருத்தி. சன்னலைத் திறந்தால் லாலாங் புல். ராத்திரி டாக்சிக்காரரிடம் பொங்கோல் என்றால் முகம் சுருங்கும், திரும்பும்போது சவாரி கிடைக்காது என்று. கீழே ஒரே ஒரு காப்பிக்கடை, அங்கே ரொட்டி பரோட்டா சுட்டவர் வியாபாரம் இல்லாமல் மூடிவிட்டுப் போனார். இப்போது அதே தங்கை காலையில் ரயிலுக்குள் காலை வைக்க இடமில்லை என்று புலம்புகிறாள்.

சொன்னது வந்தது. ஆனால் சொன்ன தேதியை நம்பி வாங்கியவர்கள் இடைப்பட்ட காலம் முழுக்கப் புல்லைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். திட்டப் படத்தில் படகு இருந்தது, மரம் இருந்தது, மிதிவண்டி ஓட்டும் குழந்தை இருந்தது. அந்த லாலாங் மட்டும் இல்லை.

செம்பவாங் அக்கா | 11 பிப்ரவரி 2025, இரவு 9.20

வெள்ளை யானைக்கு என்ன தண்டனை என்று கேட்டவர்களுக்கு: காவல்துறை விசாரித்து எச்சரிக்கையோடு விட்டது. யானை டி-ஷர்ட்டில் ஏறிவிட்டது.

செம்பவாங் அக்கா | 14 பிப்ரவரி 2025, இரவு 10.35

பறக்காத கார் தம்பி மறுபடி வந்து, "நல்லது நடக்கும் என்று சொன்னதை மட்டும் எடுக்கிறீர்கள், கெட்டது நடக்கும் என்று சொன்னதை எடுங்கள்" என்கிறார். நியாயம். எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன், நீளமாக இருக்கும்.

அப்பாவும் சித்தப்பாவும் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. அப்பாவுக்குக் கப்பல் அடிப்பாகத்தில் துருச் சுரண்டிச் சாயம் அடிப்பது, சித்தப்பாவுக்குப் பண்டகசாலையில் கணக்கு. குவார்ட்டர்ஸ் வீடு. தமிழர், மலையாளிகள் என்று அந்தப் பக்கமே நம்ம ஊராக இருந்தது. 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்துவிட்டது: 1971க்குள் படையை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அப்போது நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களால் வந்தது. மலேசியாவிலிருந்து பிரிந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் வெடிக்கும், ஊர் கலையும் என்று படித்தவர் முதல் சம்சு குடிக்கிறவர் வரை எல்லாரும் பேசினார்கள்.

சித்தப்பா கணக்குப் பிள்ளை. தாளில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பணிக்கொடையை வாங்கிக்கொண்டு, 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் போய், மன்னார்குடிப் பக்கம் நிலம் வாங்கினார். அப்பா எந்தக் கணக்கும் போடவில்லை. "தண்ணிக்குழாய் வீட்டுக்குள்ள இருக்கிற இடத்தை விட்டுட்டு நான் எங்கேயும் வர மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டார், அவ்வளவுதான். தளத்தின் கப்பல்துறை செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது, அப்பா அதே இடத்தில் அதே துருவைச் சுரண்டினார், சம்பளம் தருகிறவர் மட்டும் மாறினார். எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்கு ஆள் கிடைக்காமல் வெளியிலிருந்து ஆட்களைக் கூட்டிவரும் நிலைமை.

குடும்பத்தில் இன்றுவரை சித்தப்பாவைத்தான் ஏமாந்தவர் என்பார்கள். எனக்கு அது பொறுக்காது. கையிலிருந்த தகவலை வைத்துப் பார்த்தால் சரியாக யோசித்தவர் அவர்தான். அப்பா பிழைத்தது அம்மாவின் குழாயால். அன்று எல்லாரும் பயந்தபடியே நடந்திருந்தால் சித்தப்பாவைத் தீர்க்கதரிசி என்றிருப்பார்கள், அப்பாவைப் பிடிவாதக்காரர் என்றிருப்பார்கள்.

இன்னொன்று. அந்தப் பயம் பொய்த்தது தானாக இல்லை. வேலை போகப் போகிறது என்று எல்லாரும் நம்பியதால்தான் பட்டறையை மாற்றினார்கள், தொழிற்சாலைகளை இழுத்துவந்தார்கள், வேலைச் சட்டங்களை இறுக்கினார்கள். நெருப்பு என்று கத்தியவன் தண்ணீர் ஊற்றியபின் பொய்யன் ஆகிறான்.

செம்பவாங் அக்கா | 16 பிப்ரவரி 2025, பிற்பகல் 3.15

"பிரிட்டிஷ்காரன் கணிப்பு எது பலித்தது, பீரங்கியையே கடல் பக்கம் திருப்பி வைத்த கூட்டம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நேற்றுதான் சிங்கப்பூர் விழுந்த நாள், அதனால் ஞாபகம் வந்திருக்கும்.

பெரிய பீரங்கிகளில் பலவற்றைத் தரைப் பக்கம் திருப்ப முடிந்தது, சுடவும் சுட்டார்கள். கையிருப்பில் இருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பல் கவசத்தைத் துளைக்கிறவை. தரையில் வருகிற சிப்பாய்க்கு அது உதவாது. இது ஒரு பக்கம்.

கணிப்பு விஷயத்துக்கு வருவோம். 1937இல் இங்கிருந்த தளபதி டோபியும் அவருடைய தலைமை அலுவலரும் ஆராய்ந்து எழுதினார்கள்: எதிரி வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே மலாயா, சயாம் கிழக்குக் கரையில் இறங்க முடியும், காட்டு வழியாகத் தெற்கே வர முடியும். 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள், அதே பருவமழையில். 1942 பிப்ரவரி 15இல் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் சரணடைந்து கையெழுத்துப் போட்டவர் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல். 1937 ஆய்வை எழுதிய அந்தத் தலைமை அலுவலர் யார் என்றால் அதே பெர்சிவல்தான்.

எனக்கு இதைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. பலித்த கணிப்பு என்றால் இதைவிடத் துல்லியமாக ஒன்று காட்ட முடியாது. என்ன பிரயோஜனம்? என் முதல் குறிப்பில் நிலமும் பணமும் சட்டமும் என்று எழுதினேன். இவருக்கு அன்று போதிய விமானம் இல்லை, டாங்கி இல்லை.

செம்பவாங் அக்கா | 1 மார்ச் 2025, காலை 8.30

நேற்று வந்த செய்தியைப் பார்த்தீர்களா? 2024இன் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள், 0.97. அதற்கு முந்தைய ஆண்டும் 0.97. கடந்த ஆண்டு, பிள்ளை பெற ராசியானது என்று சீனர்கள் நம்பும் டிராகன் ஆண்டு. 1988 டிராகன் ஆண்டில் மருத்துவமனைகளில் கட்டில் கிடைக்காத அளவு பிள்ளைகள் பிறந்தன. இந்த முறை டிராகன் வந்தது யாருக்கும் தெரியவில்லை.

இந்த இழையில் நான் ரொம்ப நாளாக எழுத நினைத்தது இதுதான். எழுபதுகளில் பயம் நேர் எதிர்ப் பக்கம். 1972இலிருந்து "இரண்டு போதும்" பிரசாரம். ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண் குழந்தைகள் நிற்கும் சுவரொட்டியை என் வயதுக்காரர்கள் மறக்க முடியாது. மூன்றாவது பிள்ளைக்குப் பிரசவக் கட்டணம் கூடும், பேறுகால விடுப்புச் சம்பளம் கிடையாது, கூடுதலாகப் பெற்றால் பள்ளிச் சேர்க்கையிலும் பின்னுக்குத் தள்ளுவார்கள். 1970இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 3 பிள்ளைகள், 1977இல் 2க்கும் கீழே. அப்போதே ஈடுகட்டும் அளவை விட்டு இறங்கியாச்சு. பிரசாரம் நின்றது 1987இல். "முடிந்தால் மூன்று, அதற்கு மேலும்" என்று பல்லவி மாறியது. 2001இல் பிள்ளை பெற்றால் அரசு பணம் தரும் பேபி போனஸ். ஒன்றும் அசையவில்லை.

எங்கள் மாமியார் வீட்டில் ஒரு அத்தை, மூன்றாவது வயிற்றில் இருந்தபோது எஸ்டேட்டிலிருந்து வந்த பெரியவர் யாரோ திட்டியதுபோல வெட்கப்பட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போவார். அந்த மூன்றாவது பிள்ளைக்கு இன்று கல்யாண வயதில் ஒரே மகள். "ரெண்டாவது எப்போ?" என்று இப்போது அரசாங்கம் கேட்கிறது, அத்தை சிரிக்கிறார்.

மொத்த மக்கள்தொகை எண்ணும் இதே போல ஒரு வேடிக்கை. 1991 நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் ஆண்டே குறிப்பிடாமல் 'எக்ஸ் ஆண்டு' என்று ஒன்று வைத்து, அப்போது 4 மில்லியன் பேர் என்றார்கள். 2000 கணக்கெடுப்பிலேயே 4 மில்லியன் தாண்டிவிட்டது. 2001 திட்டத்தில் 40, 50 ஆண்டுகளில் 5.5 மில்லியன் என்றார்கள். 2015இல் 5.5ஐத் தாண்டியாச்சு. 2013 வெள்ளை அறிக்கை 2030க்கு 6.5 முதல் 6.9 என்றது. மக்கள் கொதித்துப்போய் ஹோங் லிம் பூங்காவில் மழையில் கூடினார்கள். 2024 ஜூனில் 6.04. இந்த ஒரு முறை எண் பின்தங்குகிறது.

முன்னால் இரண்டு முறை பிந்தியும் இப்போது முந்தியும் ஏன் கணக்கு தவறியது? பிள்ளை பெறுவதை எண்ணினால் குறைந்துகொண்டே போகிறது. வெளியிலிருந்து வருகிறவர்களை எண்ணினால் வேலைக்கு ஆள் தேவைப்படும் ஆண்டில் ஏறுகிறது, தேர்தலில் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு நிதானிக்கிறது. இரண்டும் வேறு வேறு கணக்கு, ஒரே எண்ணாகக் கூட்டிப் போடுகிறார்கள். சுரங்கம் தோண்டுவது சொன்னபடி கேட்டது. படுக்கையறைக் கதவுக்கு உள்ளே நடப்பதை இந்த நாட்டில் யாரும் ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

செம்பவாங் அக்கா | 1 மார்ச் 2025, காலை 8.41

மேலே "முந்தி, பிந்தி" குழப்புகிறது என்கிறார் கிளமெண்டிவாசி. முதல் இரண்டு தடவை ஆட்கள் எண்ணைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார்கள். இந்தத் தடவை வரவில்லை. போதுமா?

செம்பவாங் அக்கா | 5 மார்ச் 2025, இரவு 11.50

தமிழைப் பற்றிக் கேட்காமல் விடுவீர்களா என்று பார்த்தேன். விடவில்லை.

தொண்ணூறுகளில் நான் போன ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் எழுந்து, "கணினி யுகத்தில் தமிழ் செத்துவிடும்" என்பார். எங்கே செத்தது? 1995இலேயே நா. கோவிந்தசாமி இங்கே சிங்கப்பூர்க் கவிதைகளை இணையத்தில் தமிழில் ஏற்றிவிட்டார். அப்போதெல்லாம் ஒரு பக்கம் திறக்க அதற்கென்று ஒரு எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும், அடுத்த பக்கத்துக்கு அடுத்த எழுத்துரு, மாற்றிப் போட்டால் திரையில் கொக்கிகளும் கட்டங்களும். 1997இல் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு. யூனிகோட் பரவியபிறகு அந்தத் தலைவலியே போய்விட்டது. இந்தக் குறிப்பைக்கூட நான் தட்டச்சு செய்யவில்லை, கைப்பேசியிடம் வாயால் சொல்கிறேன். "லாலாங்"கை மட்டும் அது "லாலா" என்று எழுதுகிறது.

யாரும் பெரிதாகக் கவலைப்படாத இடம் வீட்டுக்கூடம். 2010 கணக்கெடுப்பில் இந்தியர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 36.7 விழுக்காடு, 2020இல் 27.9. ஆங்கிலம் 59.2. தொலைக்காட்சி ஒளிவழி இருக்கிறது, வானொலி இருக்கிறது, 1935இலிருந்து நாளிதழ் இருக்கிறது, பள்ளியில் பாடம் இருக்கிறது, நாலு ஆட்சிமொழியில் ஒன்று. கட்டக்கூடியது எல்லாம் கட்டியாச்சு. சோற்றுத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பேச்சு ஆங்கிலத்துக்கு நழுவுவதை எந்தக் கட்டடமும் பிடித்து நிறுத்தவில்லை.

தேக்கா தங்கராசு ஒரு நல்ல எதிர்வாதம் வைத்திருக்கிறார்: "இந்தியர்" என்ற பட்டியலிலேயே இந்தி, தெலுங்கு, வங்காளம் பேசுகிறவர்கள் கூடிவிட்டார்கள், அதனால் தமிழின் பங்கு கணக்கில் சுருங்கித் தெரிகிறது. ஓரளவுக்குச் சரி. ஆனால் என் பேரனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அவனுக்கு அப்பா வழி, அம்மா வழி இரண்டும் தமிழ். தமிழ்ப் பாடத்தில் நல்ல மதிப்பெண். என்னிடம் "பாட்டி, வாட்ஸ் ஃபார் டின்னர்" என்கிறான். சோறு, ரசம் என்றால் புரிகிறது, சாப்பிடுகிறான்.

செம்பவாங் அக்கா | 9 மார்ச் 2025, மாலை 5.30

தொழில்நுட்பம் பக்கம் வாருங்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கு அவ்வளவு ருசி இல்லை, இருந்தாலும்.

டெலிவியூ ஞாபகம் இருக்கிறவர் யாராவது? 1991இல் சந்தைக்கு வந்தது. தொலைபேசிக் கம்பியில் கேட்டால், படம் தொலைக்காட்சி அலையில் வந்து இறங்கும். பங்கு விலை, விமான நேரம் எல்லாம் பார்க்கலாம். கருத்து அவ்வளவு சரி, இன்று உங்கள் கையில் இருப்பது அதேதான். மூன்று ஆண்டு கழித்து 1994இல் பொதுமக்களுக்கு இணையம் வந்தது, டெலிவியூவின் கதை அத்தோடு முடிந்தது. அமெரிக்காவில் 1964இல் உலகக் கண்காட்சியில் வைத்த படத் தொலைபேசியும் இதே வகை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவோம் என்றார்கள், பேசுகிறோம். மூன்று நிமிடத்துக்கு 16 டாலரிலிருந்து வாங்கினார்கள் அப்போது. இன்று மன்னார்குடியில் சித்தப்பா மகள் மாடு கறக்கும்போதே இலவசமாக என்னைக் கூப்பிட்டு மாட்டைக் காட்டுகிறாள்.

1992இல் 'அறிவார்ந்த தீவு' என்று ஓர் அறிக்கை வந்தது. வீட்டிலிருந்தே வேலை, வீட்டிலிருந்தே கடை. 2020 ஏப்ரல் 7 அன்று அது நிறைவேறியது, கொரோனா தயவில். மருமகள் இஸ்திரி மேசையில் மடிக்கணினியை வைத்துக் கூட்டம் நடத்தினாள். மேலே சட்டை, கீழே பைஜாமா.

ஆனால் அதே ஏப்ரலில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் இரட்டைக் கட்டில்களில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் அறையை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்தார்கள். தொற்றியவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். நான் பார்த்த எதிர்கால ஓவியம் ஒன்றில்கூட அவர்கள் இல்லை. கோபுரம் உண்டு, கோபுரத்தில் சாரம் கட்டுகிறவர் கிடையாது. தானாக ஓடும் வண்டி உண்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசுகிற கூட்டம் கிடையாது. உணவங்காடியில் தட்டு எடுக்கும் எழுபது வயது ஆச்சி கிடையாது. நானே அப்படிப் படங்கள் வரைந்திருக்கிறேன். நிலையத்துக்குள் ஆட்களைக் காட்ட அச்சு ஒட்டுத்தாள் இருக்கும், கைப்பெட்டியோடு நடக்கும் ஆண், குடைபிடித்த பெண். துடைப்பத்தோடு ஓர் உருவம் அந்தத் தாளில் வராது.

இதோடு பொருளியல் அறிஞர் கெயின்ஸையும் சொல்லிவிடுகிறேன். 1930இல் அவர் நூறு ஆண்டில் வாழ்க்கைத்தரம் நாலிலிருந்து எட்டு மடங்கு உயரும், வாரம் 15 மணி நேரம் வேலை செய்தால் போதும் என்றார். வாழ்க்கைத்தரம் அவர் சொன்னதைவிட இங்கே எகிறிவிட்டது. வேலை நேரம்? சட்டத்தில் வாரம் 44. மருமகளைக் கேட்டால் சிரிப்பாள், இல்லை, சிரிக்க நேரமில்லை என்பாள்.

செம்பவாங் அக்கா | 16 மார்ச் 2025, காலை 10.20

"நிலம், பணம், சட்டம் இருந்தால் சொன்னது நடக்கும் என்றீர்களே, கோலாலம்பூர் அதிவேக ரயில் எங்கே?" பறக்காத கார் தம்பி இதற்குத்தான் ஒரு மாதம் காத்திருந்தாராம்.

2013இல் அறிவித்து, 2016 டிசம்பரில் கையெழுத்தாகி, 2026இல் ஓடியிருக்க வேண்டியது. ஜூரோங்கில் நிலையத்துக்காக ஒரு கோல்ஃப் மன்றத்தின் இடத்தையே எடுத்தார்கள். 2021 தொடக்கத்தில் ஒப்பந்தம் முறிந்தது, மலேசியா 102.8 மில்லியன் வெள்ளி இழப்பீடு கொடுத்தது. அங்கே நிலத்தில் பாதிக்கு மேல் நம்முடையது இல்லை தம்பி. இரண்டு அமைச்சரவை, இரண்டு தேர்தல், இரண்டு கஜானா. என் விதியில் "சொந்த நிலம்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லைக்குள்ளே நீண்ட காலம் காத்துப் பலித்ததற்கு ஒன்று: 1977இல் லீ குவான் இயூ பத்து ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன்பிடிக்க வேண்டும் என்றார். அந்த ஆற்றின் நாற்றத்தை முகர்ந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று தெரியும். படகுத்துறை, பன்றிப் பண்ணை, தெருவோரக் கடை எல்லாவற்றையும் எடுத்து 1987இல் முடித்தார்கள். அந்த ஆண்டே, இன்னும் இருபது வருஷத்தில் தொழில்நுட்பம் வளர்ந்தால் மரினா முகத்துவாரத்தில் அணை கட்டி நன்னீர் தேக்கலாம் என்றார். மரினா அணை திறந்தது 2008. இருபதுக்கு இருபத்தொன்று. அதை ஒப்புக்கொள்ளும்போதே இடம் மாற்றப்பட்ட கடைக்காரர்களில் எத்தனை பேருக்குப் புது இடத்தில் வியாபாரம் ஓடியது என்றும் கேட்கத் தோன்றுகிறது. ஆற்றோரம் கச்சான் விற்ற எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓடவில்லை.

செம்பவாங் அக்கா | 16 மார்ச் 2025, பிற்பகல் 1.05

சரி, எல்லை தாண்டி ஜோகூர் பாருவுக்குப் போகப்போகும் ஆர்டிஎஸ் ரயில் பற்றிப் பந்தயம் கட்டச் சொல்கிறார்கள். 2026 முடிவில் ஓடும் என்பது அறிவிப்பு. உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து புக்கிட் சாகார் 4 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் 10,000 பேர் வரை. தூண்கள் நிற்கின்றன, இரண்டு பக்கமும் வேலை நடக்கிறது. அதனால் ஓடும் என்பதற்கு நான் கட்டுகிறேன். எந்த மாதம் என்பதற்கு ஒரு காசும் கட்ட மாட்டேன்.

குடிநுழைவுச் சோதனை இரண்டையும் புறப்படும் இடத்திலேயே முடித்துவிடலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் நிலையத்தில் இறங்கிய பத்தாயிரம் பேரும் அடுத்து எங்கே போவார்கள்? ஜோகூர் பக்கம் டாக்சி வரிசை, மழை, பள்ளி விடுமுறை முதல் நாள், எல்லார் கையிலும் காலி டிராலி. என் நாத்தனார் வீடு தாமான் பெலாங்கியில். நடந்தே போய்விடலாம் என்று கிளமெண்டிவாசி சொல்கிறார். அவர் முதலில் ஜோகூர் வெயிலில் நடந்து காட்டட்டும்.